கேட்டுவிட்டுப் படுங்கள்

நெருங்கி உட்காருங்கள், கண்மணிகளா. காப்பி எல்லாருக்கும் இருக்கிறது, ஏலக்காய் பன்னும் இருக்கிறது. இந்தக் கதையில் யாரும் சாகமாட்டார்கள், யாரும் மூழ்கமாட்டார்கள். கப்பல் போய்ச் சேரவேண்டிய ஊருக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும். அதனால் பயப்படாமல் கேளுங்கள். பயப்படவேண்டிய இடம் வரும்போது நானே சொல்கிறேன்.

துர்க்கு நகரத்தில், எங்கள் தெருக்கோடி வீட்டில் இருக்கிறானே ரைமோ, அவன் நடமாடும் நூலகப் பேருந்து ஓட்டுகிறவன். அவன் போகும் காட்டுவழியில் ஒரு சந்திப்பு உண்டு. மனிதவாடையே கிடையாது. எந்தப் புண்ணியவானோ அங்கே ஒரு சிவப்பு விளக்கை நட்டுவைத்திருக்கிறான். ஒருமுறை அது பழுதாகி, சிவப்பிலேயே நின்றுவிட்டது. ரைமோவும் நின்றுவிட்டான். பழுதுபார்க்க ஆள் வருவதற்குள், பின்னாலிருந்த அலமாரியிலிருந்து இரண்டு பாக நாவல் ஒன்றை எடுத்து முடித்துவிட்டானாம். அவனைக் கேலி செய்யாதீர்கள். எங்களில் பாதிப்பேர் அப்படித்தான். மீதிப்பேர் அதை ஒத்துக்கொள்வதில்லை.

அவன் மனைவி தூலாவுக்குக் கடலுக்கு அப்பால் ஸ்டாக்ஹோமில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலி வேலை கிடைத்தது. ஜூனில் போனால் கிறிஸ்துமஸுக்குத்தான் வரமுடியும். அவர்களுக்கு ஐந்து வயதில் ஒரு மகள், ஈரிஸ். அம்மா போகப்போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அந்தக் குழந்தை ஒரே ஒரு பேரம்தான் பேசியது. கப்பலில் போகிற கடைசி ராத்திரி அம்மா பக்கத்தில் படுக்கவேண்டும், தூங்குகிறவரை கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அழமாட்டாள். தூலாவும் சரி என்று கைமேல் கை அடித்துக் கொடுத்துவிட்டாள்.

ரைமோவும் ஈரிஸும் ஸ்டாக்ஹோம்வரை கூடப் போவதாக ஏற்பாடு. கூடவே தூலாவின் அப்பா ஆர்வோவும் கிளம்பினார். மகளை வழியனுப்ப என்றுதான் சொன்னார். கப்பலில் சாப்பாட்டு மேசை நீளம் என்பதும், மேல்தளத்தில் டாங்கோ ஆட்டம் உண்டு என்பதும் தமக்குத் தெரியவே தெரியாது என்றார். போகவர நான்கு பேருக்கும் சேர்த்து எடுத்தால் மலிவு என்பதால், திரும்பி வராத தூலாவுக்கும் திரும்பிவரச் சீட்டு எடுத்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலின் பெயர் நீல அன்னம். அவர்கள் அறை கார்கள் நிற்கும் தளத்துக்கும் கீழே. அந்த அறையில் நான்கு பேர் படுக்கலாம், நிற்கமுடியாது. ஒருவர் கோட்டைக் கழற்றவேண்டுமானால் மற்ற மூவரும் படுக்கையில் ஏறிக் காலைத் தூக்கிக்கொள்ளவேண்டும். குளியலறைக் கதவைத் திறக்குமுன் குரல் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் யாருடைய முழங்காலாவது போகும். ஜன்னல் கிடையாது. ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஜன்னலின் படத்தை ஒட்டியிருந்தார்கள். படத்திலும் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது.

கீழே இரண்டு படுக்கை, நடுவில் ஒரு கை நீளம் இடைவெளி. சுவரிலிருந்து விரித்து இறக்குகிற மேல்படுக்கை இரண்டு. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது. கீழே ஒருபக்கம் ஈரிஸ், ஏனென்றால் குழந்தை. மறுபக்கம் ஆர்வோ, ஏனென்றால் வயதானவர். மேலே ரைமோவும் தூலாவும், ஏனென்றால் வேறு யாரும் இல்லை. கதவின் உள்பக்கத்தில் ஒரு பலகை: ‘உங்கள் இனிய உறக்கமே எங்கள் கடமை. படுக்கை மாற்றம் வேண்டுவோர் ஏழாம் தளத்தில் உறக்க ஒழுங்குப் பிரிவை அணுகவும்.’

“அம்மா, நான் உன் பக்கத்துல” என்றாள் ஈரிஸ்.

“பக்கத்துலதான்டி செல்லம். உனக்கு நேர் மேலதான் நான்.”

“மேல இருந்தா அது பக்கம் இல்ல. அது மேல.”

தூலா மகளின் படுக்கையில் ஒண்டிப் பார்த்தாள். பாதித் தூலாதான் படுக்கையில் இருந்தாள். மறுபாதி அந்தரத்தில்.

ஆர்வோ மேல்படுக்கையை அண்ணாந்து பார்த்தார். “நான் மேல போயிடறேன், நீ என் இடத்துல படு. கப்பல் கட்டுற துறையில கிரேன்ல ஏறி இறங்கியே காலத்தை ஓட்டினவன் நான். இதெல்லாம் எனக்கு ஒரு ஏணியா?”

“அவ்வளவுதான், முடிஞ்சுது. அப்பா மேல, நான் கீழ. ரைமோ, கதவைச் சாத்து.”

ரைமோ கதவைச் சாத்தவில்லை. பெயர்ச்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பேர் போட்டிருக்கே” என்றான்.

“பேர்தானே போட்டிருக்கு? பூட்டா போட்டிருக்கு?”

“இல்ல, ஏழாம் தளத்துல கேக்கணும்னு எழுதியிருக்கு. ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன். சரின்னுதான் சொல்லப்போறாங்க.”

“சரின்னுதான் சொல்லப்போறாங்கன்னா எதுக்குக் கேக்கற?”

“கேட்டாத்தானே சரின்னு சொல்லமுடியும்?”

“போ மாப்ளே, போய்க் கேட்டுட்டு வா” என்றார் ஆர்வோ. “கல்யாணத்தன்னிக்கு என் மகளுக்கு முத்தம் குடுக்கலாமான்னு பாதிரியாரைக் கேட்டவனாச்சே நீ.”

“அவர் சொல்லணும் மாமா. அதுதான் முறை.”

“அவர் சொல்லி முடிச்சதுக்கப்புறம் கேட்டே மாப்ளே.”

ரைமோ கிளம்பிவிட்டான். கண்மணிகளா, பயப்படவேண்டிய இடம் வரும் என்று சொன்னேன் அல்லவா? இதுதான் அது.

ஏழாம் தளத்தில் பெரிய கூடம். ராத்திரியாகியும் வெளியே வெயில் பளீரென்று அடித்தது, எங்கள் பக்கத்து ஜூன் மாதம் அப்படித்தான். தீவுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. கூடத்தில் ஒரு கவுண்டர், கவுண்டருக்குப் பின்னால் ஒரு பெண்மணி. அவர் பெயர் குன்வோர் என்று சட்டையில் எழுதியிருந்தது. வேறு ஒரு ஈ காக்கை இல்லை. ரைமோ வரிசைச் சீட்டு தரும் இயந்திரத்தை அழுத்தி, வந்த சீட்டை எடுத்துக்கொண்டான். அதில் இருந்த எண்ணுக்கு முந்தைய எண்தான் சுவரில் எரிந்துகொண்டிருந்தது.

ரைமோ உட்கார்ந்தான். குன்வோர் அவனைப் பார்த்தார். அவன் குன்வோரைப் பார்த்தான். இருவரும் நாகரிகமாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு தீவு போனது. இன்னொரு தீவு போனது.

“மன்னிக்கணும்” என்றான் ரைமோ மெதுவாக. “எனக்கு முன்னாடி யாராவது இருக்காங்களா?”

“இருக்காங்க. அந்த எண்ணுக்காரர்.”

“அவர் எங்கே?”

“போன வாரம் இறங்கிட்டார். அவரைக் கூப்பிட்டாச்சு, ஆனா அவர் இன்னும் வரலையே. நியாயம்னு ஒண்ணு இருக்கில்லீங்களா?”

இருக்கிறது என்றுதான் ரைமோவுக்கும் பட்டது. போன வாரம் இறங்கிப்போனவர் வருவதற்கு இருவரும் காத்திருந்தார்கள். கடைசியில் கப்பல் ஒரு மிதவையைச் சுற்றித் திரும்பியபோது ஏதோ குலுங்கி, சுவரில் எண் தானாக மாறியது. குன்வோர் முகம் மலர்ந்தது.

“வணக்கம்! வாங்க! ரொம்ப நேரமா காத்திருக்கீங்களா?”

ரைமோ விஷயத்தைச் சொன்னான். குன்வோர் அன்பாகக் கேட்டார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருந்திருந்தால் முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார், ரைமோ கீழே வந்திருப்பான், தூலா கதவைச் சாத்தியிருப்பாள். குன்வோர் உதவி செய்கிறவர்.

“வீட்டுல நீங்களும் உங்க மனைவியும் ஒரே போர்வையா, ரெண்டு போர்வையா?”

“ரெண்டு. எங்க ஊர்ல எல்லாரையும் போலத்தான்.”

“நல்லது. அப்ப பிரிஞ்சு படுக்கற பழக்கம் இருக்கு. அப்புறம் எதுக்கு இப்ப மாத்தம்?”

“எனக்கில்லீங்க. குழந்தைக்கு.”

“அப்ப குழந்தைதான் கேக்கணும். நீங்க எப்படிக் கேக்கலாம்? குடும்பத்தை அழைச்சுட்டு வாங்க.”

குடும்பம் வந்தது. ஈரிஸ் கவுண்டர் உயரத்துக்கு எட்டாததால் ஆர்வோ அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

“என்ன கண்ணு, எதுக்கு அம்மா பக்கத்துல படுக்கணும்?” என்று கேட்டார் குன்வோர்.

“அம்மா நாளைக்குப் போயிடுவாங்க.”

குன்வோர் தம் முன்னால் இருந்த அட்டையை மேலும் கீழும் பார்த்தார். “அப்படி ஒரு காரணம் எங்ககிட்ட இல்லையே. கடல் மயக்கம் இருக்கு, ஏணி பயம் இருக்கு, இருட்டு பயம் இருக்கு. உனக்கு இருட்டுன்னா பயமா?”

ஈரிஸ் புத்திசாலி. “ஆமா” என்றாள்.

“பாவம். ஆனா இது ஜூன் மாசம். ஆகஸ்ட் வரைக்கும் இங்க இருட்டு கிடையாது.”

“எங்க அறையில ஜன்னலே இல்லம்மா. கும்மிருட்டு” என்றாள் தூலா.

“ஜன்னல் படம் இருக்குமே?”

“திரை மூடின படம்.”

“பாத்தீங்களா? வெளிச்சம் உள்ள வரக்கூடாதுன்னுதானே திரை? அப்ப வெளியில வெளிச்சம் இருக்குன்னுதானே அர்த்தம்?”

குன்வோரே ஒரு வழி கண்டுபிடித்தார். குழந்தைக்குக் காரணம் இல்லாவிட்டாலும் தாத்தா மேலே போக விரும்பினால் கீழே ஓர் இடம் காலியாகும், காலியான இடத்துக்கு யாரும் வரலாம். ஆனால் தாத்தா குறட்டை விடுவாரா?

“ஐயோ, விடுவார்” என்றான் ரைமோ.

தூலா அவன் காலை மிதித்தாள். அதற்குள் வார்த்தை வெளியே போய்விட்டது.

“குறட்டை கீழ்ப்படுக்கையில இருந்தா தரையோட போயிடும். மேல்படுக்கையில இருந்தா பக்கத்து அறைக்குப் போகும்” என்று குன்வோர் வருத்தத்தோடு சொன்னார். “அளந்து பாக்கணும்.”

குறட்டை ஆய்வாளர் வந்தார். ஆர்வோவை ஒரு தனி அறைக்குக் கூட்டிப்போனார். அகலமான கட்டில், நிஜமான ஜன்னல், தலையணையில் சாக்லேட். அந்தக் கப்பலிலேயே நல்ல அறை அதுதான். சோதனைக்கு மட்டும் திறப்பார்களாம்.

“தூங்குங்க” என்றார் ஆய்வாளர், குறட்டை அளக்கும் கருவியைக் கையில் பிடித்தபடி.

“இப்பவா? மேல டாங்கோ ஆரம்பிச்சுட்டாங்கப்பா.”

“நீங்க தூங்கினாத்தான் நான் போகமுடியும்.”

சீக்கிரம் முடியட்டும் என்று ஆர்வோ கண்ணை மூடிக்கொண்டு பொய்க்குறட்டை விட்டார். டாங்கோ தாளத்துக்கு விட்டார். ஏறும்போது ஒரே ஏற்றம், இறங்கும்போது ஒரே இறக்கம், நடுவில் அழகாக ஒரு நிறுத்தம். அவருடைய நிஜக்குறட்டை எப்படி என்று எங்கள் தெருவுக்கே தெரியும். பாதியில் நின்றுபோகும், ஆள் போய்விட்டாரோ என்று நாம் பயப்படும்போது மரம் சாய்வதுபோல் மறுபடி விழும். ஆய்வாளருக்கு அது தெரியாதே. அவர் கண்கலங்கிவிட்டார்.

“இத்தனை வருஷத்துல இவ்வளவு ஒழுங்கான குறட்டையை நான் கேட்டதில்ல. தேறிட்டீங்க.”

குடும்பம் சந்தோஷமாகக் கீழே இறங்கியது. ஈரிஸ் படிக்கட்டில் குதித்துக் குதித்துப் போனாள். அறை வாசலில் மஞ்சள் ரிப்பன் குறுக்கே கட்டியிருந்தது. உள்ளே மெத்தைகள் இல்லை. தலையணைகள் இல்லை. பின்னாலேயே குன்வோர் மூச்சுவாங்க ஓடிவந்தார்.

“பயந்துடாதீங்க! படுக்கை விவகாரம் முடிவாகிறவரைக்கும் அறையை நிறுத்தி வச்சிருக்கோம். நடுவுல யாராவது தெரியாத்தனமா படுத்துட்டா மனு செல்லாது. உங்க நல்லதுக்குத்தான்.”

“குறட்டை தேறிடுச்சுன்னு சொன்னாரே” என்றான் ரைமோ.

“தேறிடுச்சு. இனிமே தலைவர் சரின்னு சொன்னாப் போதும்.”

உறக்க ஒழுங்குப் பிரிவின் தலைவர் சாண்டேலியுஸ் பருமனான, இனிமையான மனிதர். கோட்டில் வெள்ளியில் ஓர் அன்னம் குத்தியிருந்தார். அன்னத்தின் தலை இறகுக்குள் புதைந்திருந்தது. நால்வரையும் உட்காரவைத்து, தாமும் ஆழமான நாற்காலியில் அமர்ந்தார்.

“நீங்க எங்களைத் தப்பா நினைக்கக்கூடாது. நாங்க இருக்கறதே உங்க தூக்கத்துக்காகத்தான். இந்தப் பிரிவு வர்றதுக்கு முன்னாடி கப்பல் எப்படி இருந்துச்சு தெரியுமா? காட்டுமிராண்டித்தனம்! புருஷன் எங்க படுத்தான், பெண்டாட்டி எங்க படுத்தா, ஒண்ணும் தெரியாது. பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இஷ்டத்துக்கு. ராத்திரி பூரா தூங்குவாங்க, காலையில எழுந்து இறங்கிப் போயிடுவாங்க. ஒரு புகார் கிடையாது. புகாரே இல்லன்னா நிலைமை எவ்வளவு மோசம்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“அதானே” என்றார் ஆர்வோ.

“நன்றி. பிரிவு வந்த முதல் வருஷமே புகார் குவிஞ்சுபோச்சு. அப்பத்தான் எங்களுக்கே புரிஞ்சுது, நாங்க எவ்வளவு தேவைன்னு. இப்ப இன்னும் ஆள் கேட்டிருக்கோம். எனக்கு ஒரு கனவு உண்டு, சொல்றேன் கேளுங்க. ஒரு நாள் இந்தக் கப்பல் நிறைய ஜனங்களோட துர்க்குவில கிளம்பணும். ஸ்டாக்ஹோம் போய்ச் சேரும்போது ஒரு படுக்கைகூடக் கசங்கியிருக்கக் கூடாது. மடிச்சு வச்சது மடிச்ச மாதிரியே இருக்கணும். அதுதான் பூரண ஒழுங்கு.”

“ஜனங்க?” என்று கேட்டாள் தூலா.

“ஜனங்க என்ன?”

“அவங்க எங்க தூங்குவாங்க?”

“அம்மா, ஒரு நேரத்துல ஒரு சீர்திருத்தம்தான் பண்ணமுடியும்.”

தூலா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். ஈரிஸ் அவள் மடியில் இருந்தாள். “ஐயா, நான் நாளைக்கு இறங்கினா கிறிஸ்துமஸுக்குத்தான் இவளைப் பாப்பேன். இன்னிக்கு ஒரு ராத்திரி இவ பக்கத்துல நான் படுக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க.”

“நல்ல கேள்வி” என்றார் சாண்டேலியுஸ். கண்ணை மூடிக்கொண்டார். கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டார். முகவாய் மெல்ல இறங்கி வெள்ளி அன்னத்தின்மேல் உட்கார்ந்தது.

எல்லாரும் காத்திருந்தார்கள்.

“ஷ்ஷ்” என்றார் குன்வோர், யாரும் பேசாதபோதே. “தலைவர் ஆலோசனை பண்றார்.”

“குறட்டை விடறாரே?” என்றார் ஆர்வோ.

“ஆழமான ஆலோசனை.”

“அந்தக் கருவியைக் கொண்டாங்கம்மா. இவருக்கு எவ்வளவு வருதுன்னு பாத்துடுவோம்.”

“தலைவர் கப்பல்ல தூங்கினதே கிடையாது” என்றார் குன்வோர் கண்டிப்பாக. “பணியில சேந்த நாள்லேர்ந்து ஒரு தடவைகூடப் படுக்கையில படுத்ததில்ல. நாற்காலியிலேயேதான். வாங்க, வெளியில உக்காருவோம். அவரா முடிச்சுட்டுக் கூப்பிடுவார்.”

வெளியே கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு நாற்காலிக்கும் நடுவில் இரும்புக் கைப்பிடி. நீட்டிப் படுக்கமுடியாது. தூலா மகளை மடியில் குறுக்காகப் போட்டுக்கொண்டாள். சூரியன் கீழே இறங்குவதுபோல் போக்குக்காட்டிவிட்டு, தண்ணீரின் விளிம்பிலேயே உருண்டுகொண்டிருந்தது. மேல்தளத்திலிருந்து டாங்கோ கேட்டது. ஆர்வோவின் கால் தானாகத் தாளம் போட்டது. எழுந்து போகவில்லை. ஒருதடவைகூட அவர் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

ஈரிஸுக்குக் கண் சொருகியது. குன்வோர் பதறிக்கொண்டு வந்து அவள் தோளைத் தட்டினார்.

“எழுப்பிடுங்க, எழுப்பிடுங்க! இது காத்திருக்கற இடம். தூங்கினா காத்திருக்கலைன்னு ஆயிடும். மனுதாரர் முழிச்சிருக்கணும்.”

“குழந்தைம்மா இது.”

“குழந்தைதான் மனுதாரர்.”

தூலா எழுந்துவிட்டாள். “எனக்கு இந்த ஒரு ராத்திரிதான் இருக்கு, புரியுதா உங்களுக்கு?”

“புரியுது” என்றார் குன்வோர். நிஜமாகவே அவருக்குப் புரிந்தது. “ஆனா எல்லாருக்கும் ஒரு ராத்திரிதான். இது ஒரு ராத்திரிக் கப்பல்.”

தூலா ரைமோவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஆர்வோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். அறைவாசலில் மஞ்சள் ரிப்பன். அதை அறுத்தெறிய ஒரு விரல் போதும். மெத்தை இல்லாவிட்டால் என்ன, கோட்டை விரித்துப் படுக்கலாம். நடைவழியில் ஓர் ஆள் இல்லை.

“அறுத்துடறேன்” என்றாள் தூலா.

“கட்டியிருக்காங்களே” என்றான் ரைமோ.

“அதான் அறுக்கறேன்.”

தூலா ரிப்பனைப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். நீங்கள் நினைப்பீர்கள், அறுத்திருப்பாள் என்று. நானும் ஒவ்வொரு தடவை இந்தக் கதையைச் சொல்லும்போதும் அறுத்துவிடுவாள் என்றுதான் எதிர்பார்க்கிறேன். ஆனால் அவளும் எங்கள் ஊர்க்காரிதான், கண்மணிகளா. அவள் வளர்ந்த தெருவிலும் எல்லாரும் சிவப்பு விளக்குக்கு நின்றவர்கள்தான். கை ரிப்பனில் இருந்தது. ரிப்பன் இருந்த இடத்தில் இருந்தது.

“ஒருவேளை அவர் முடிச்சிருப்பார்” என்றாள் கடைசியில், யாரையும் பார்க்காமல்.

திரும்பி மேலே வந்தார்கள். அவர் முடித்திருக்கவில்லை.

அப்புறம் அவர்கள் செய்ததெல்லாம் ஈரிஸைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டதுதான். அம்மா கடைசியாகக் கூட இருக்கிற ராத்திரியில், அம்மாவே மகளைக் கிள்ளிக் கிள்ளி எழுப்பினாள். விரல் எண்ணும் விளையாட்டு ஆடினார்கள். தீவுகளுக்குப் பெயர் வைத்தார்கள். ‘உருளைக்கிழங்குத் தீவு’ என்றாள் ஈரிஸ். ‘தலைவர் தீவு’ என்றார் ஆர்வோ, பருமனாக ஒன்று வந்தபோது. குழந்தை சிரித்தது, பிறகு அழுதது, பிறகு எதற்கு அழுகிறோம் என்றே தெரியாமல் அழுதது. “அம்மா, ஒரு நிமிஷம் தூங்கிக்கறேன், ஒரே நிமிஷம்” என்று கெஞ்சியது. தூலா கவுண்டரைப் பார்த்தாள். குன்வோர் வருத்தத்தோடு கூடாது என்று தலையசைத்தார்.

ஸ்டாக்ஹோம் வந்து கப்பல் சங்கு ஊதியதும், உள்ளே சாண்டேலியுஸ் விழித்துக்கொண்டார். புத்துணர்ச்சியோடு வெளியே வந்து ரைமோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“எல்லாப் பக்கமும் யோசிச்சேன். சம்மதம்! குழந்தை கீழ, பக்கத்துல அம்மா, மேல பெரியவர். இப்படி ஒரு முழுச் சம்மதம் இந்தப் பிரிவோட வரலாற்றுலயே முதல் தடவை. குன்வோர், அந்தச் சின்ன அன்னத்தைக் கொண்டாங்க.”

ஈரிஸின் சட்டையில் ஒரு அன்னத்தைக் குத்தினார்கள். ஆய்வாளர் கை தட்டினார். குன்வோர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஐயா” என்றான் ரைமோ. “ஊர் வந்துடுச்சே.”

“ஆமா. அதனால சம்மதம் அடுத்த பயணத்துலேர்ந்து நடப்புக்கு வரும். உங்களுக்கு இன்னிக்கு சாயங்காலமே திரும்புற சீட்டு இருக்கே? நாலு பேருக்கும்!”

துறையில் இறங்கினார்கள். முதியோர் இல்லத்திலிருந்து வந்த வண்டி காத்திருந்தது. வண்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். ரைமோவின் தோளில் ஈரிஸ் செத்தாற்போல் தூங்கிக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்க மறுக்கப்பட்ட தூக்கம் மொத்தமும் அந்த இடத்தில் வந்து அவள்மேல் விழுந்திருந்தது.

“எழுப்பட்டுமா?” என்றான் ரைமோ.

தூலா மகளின் கன்னத்தில் கையை வைத்தாள். ராத்திரியெல்லாம் எழுப்பிய கை. “வேண்டாம்” என்றாள். “நான் இனிமே அவளை எழுப்பமாட்டேன்.” மகளின் உள்ளங்கையை விரித்து, தன் விரலை அதில் வைத்தாள். ஈரிஸ் தூக்கத்திலேயே பிடித்துக்கொண்டாள். வண்டிக்காரர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். தூலா விரலை மெதுவாக உருவிக்கொண்டு போனாள்.

ஈரிஸ் கண்விழித்தபோது அம்மா இல்லை. பேசிய பேரப்படி அழக்கூடாதென்று அவள் அழவில்லை. அதைப் பார்க்கிறதுதான் கஷ்டமாக இருந்தது என்று ஆர்வோ என்னிடம் சொன்னார்.

சாயங்காலம் மறுபடி நீல அன்னம், மறுபடி அதே அறை. மஞ்சள் ரிப்பன் போய், கதவில் நீல ரிப்பன் பூவாகக் கட்டியிருந்தது. மெத்தைகள் வந்திருந்தன. கீழே ஒருபக்கம் ஈரிஸின் பெயர். ஒரு கை நீளத்துக்கு அந்தப் பக்கம் தூலாவின் பெயர், பளிச்சென்று புதுச்சீட்டில். போர்வையின் முனையை மடித்து, தலையணையில் ஒரு சாக்லேட்டும் வைத்திருந்தார்கள். ஆர்வோ ஏணியில் ஏறி மேலே போய்ப் படுத்துக்கொண்டார். ரைமோவின் இடம் எதிர்ப்பக்கம் மேலே.

ஈரிஸ் படுத்தாள். அந்தப் பக்கம் கையை நீட்டிப் பார்த்தாள். கை சரியாக எட்டியது.

“அப்பா, நீ இங்க படு.”

“அது அம்மா இடம்டா கண்ணு. பேர் போட்டிருக்கு.” கதவின் பிடியில் ரைமோவின் கை இருந்தது. “அம்மா வரலைன்னு மேல ஒரு வார்த்தை சொல்லிட்டு...”

ஈரிஸ் நீட்டிய கையை மடக்கவில்லை. மேலே ஆர்வோ கேலிகூடப் பண்ணவில்லை.

ரைமோ பிடியை விட்டான். கட்டிலில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, இரண்டையும் ஜோடியாக வைத்தான். தன் மனைவியின் பெயருக்குக் கீழே, யாரையும் கேட்காமல், படுத்துக்கொண்டான். நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டான்.

கதவு தட்டப்பட்டது. குன்வோரின் குரல்.

“மன்னிக்கணும். சம்மதப்படி எல்லாரும் அவங்கவங்க இடத்துல இருக்காங்களான்னு பாக்கணும். யாராவது ஒருத்தர் இல்லன்னாலும் சம்மதம் ரத்தாகும், அறையை மறுபடி நிறுத்தணும். குழந்தை இருக்கா?”

“இருக்கேன்” என்றாள் ஈரிஸ்.

“மேல பெரியவர்?”

“இருக்கேன்மா.”

“பக்கத்துல தூலா? இருக்காங்களா?”

ரைமோ பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“இருக்கா” என்றான். “இப்பத்தான் தூங்கினா. எழுப்பாதீங்க.”

கதவுக்கு அப்பால் குன்வோர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஐயோ, சரி சரி. நல்லாத் தூங்கட்டும்” என்று கிசுகிசுத்தார். காலடி ஓசை, யாரையும் எழுப்பிவிடாமல், நுனிக்காலில் தள்ளிப்போனது.

வெகுநேரம் கழித்து, தூங்கிவிட்டாள் என்று ரைமோ நினைத்தபோது, ஈரிஸ் கேட்டாள்.

“அப்பா. நேத்து ஏன் இப்படிச் சொல்லல?”

ரைமோ அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே கிடந்தான். மேல்படுக்கையிலிருந்து ஆர்வோவின் குறட்டை கேட்கத் தொடங்கியது. ஏறும்போது ஒரே ஏற்றம், இறங்கும்போது ஒரே இறக்கம், நடுவில் அழகாக ஒரு நிறுத்தம்.